இரண்டாவது பட்டை

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் 'கிராஃப் சார்' என்று பெயர். வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் கிராஃப் சார்தான். சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போதுதான் தன் சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் வரும் என்று நான் கேலி செய்வேன். எண்களைப் படமாக்குவது அவர் வேலை. எத்தனை கட்டில் நிரம்பியது, எத்தனை பேர் காய்ச்சலோடு வந்தார்கள், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் புண்ணில் சீழ் வைத்துத் திரும்பி வந்தார்கள், எல்லாம் எண்ணாக அவர் அறைக்கு வரும். பட்டையும் கோடுமாக வெளியே போகும்.

அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எக்ஸ்ரே படங்களை அடுக்கும் கிடங்குக்கும் லிஃப்ட் மோட்டாருக்கும் நடுவில் ஒரு இடுக்கு, அவ்வளவுதான். லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மேஜை நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து நேர்கோடு போட்டவர் அவர். வீட்டிலும் அதே குணம்தான். துண்டை மடித்தால் ஓரத்தோடு ஓரம் சேர வேண்டும். நான் அவசரத்தில் சுருட்டி வைத்ததை எடுத்துப் பிரித்து மறுபடி மடிப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், அதுதான் எனக்கு எரிச்சல். பஸ் நிலையத்தில் சீசன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் ஊரோடு கத்திவிட்டு வருகிறவள் நான். பதிலுக்குக் கத்துகிற ஆள் வீட்டிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. அவரைவிடப் பல வயது சின்னவள், வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நாத்தனார் என்றால் மற்றவர்கள் ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எனக்கு வாய்த்தவளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அறுவை சிகிச்சை வார்டுகள் பன்னிரண்டு இருக்கின்றன. அதில் இரண்டாவது வார்டுக்கு அவள்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால் அப்படி ஒரு பொறுப்பு. அவள் வார்டில் வாளியை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் மூன்றாவது மாடி வரை சத்தம் கேட்கும் என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையைக் கழுவினீர்களா அண்ணி என்பாள். அடுத்த வருஷம் மேட்ரன் பதவி காலியாகிறது, அது அவளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவளும் ஆசையை மறைக்கவில்லை. மேட்ரனுக்கென்று ஒரு வெள்ளைக் கோட்டு உண்டு, அதன் தோள் தனக்குச் சரியாக இருக்குமா என்று என் கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

சனி எங்கிருந்து பிடித்தது என்றால், கம்ப்யூட்டரிலிருந்து.

ஆஸ்பத்திரி அதுவரை பணம் கட்டி வாங்கிவந்த ஏதோ ஒரு மென்பொருளை நிறுத்திவிட்டது. இனிமேல் 'ஆர்' என்கிற நிரல்மொழியில்தான் படம் போட வேண்டும், அதற்குக் காசு கிடையாது, கற்றுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? காதோரம் நரைத்த மனிதர் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தானாகவே கற்றார். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் சிவப்பு வரியில் திட்டும் அது. இவர் அதனிடம் கெஞ்சுவார். "ஏம்மா இப்படிப் பண்றே? கொஞ்சம் கேளும்மா" என்பார். என்னிடம் ஒருநாள்கூட அந்தக் குரலில் பேசியது கிடையாது.

அதற்கென்று சில வழக்கங்கள் உண்டாம். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது தன் பாட்டுக்கு ஒன்றைச் செய்யும். அதற்கு 'டீஃபால்ட்' என்று பெயர் என்று எனக்கு விளக்கினார்.

"புரியுது. ஒண்ணும் சொல்லாம விட்டா நீங்க பேப்பரை விரிச்சுக்கிட்டு நாற்காலில சாய்ஞ்சிடறீங்களே, அந்த மாதிரி" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "ஆமா, அதேதான்" என்றார். கிண்டல் புரிகிற ஆளாக இருந்தால்தானே.

இவர் கேட்காத இடத்தில் அளவுகோல் ஆரம்பிக்கும். எண் இல்லாத வரிகளைச் சத்தம் போடாமல் கழித்துவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்புப் போடும். படத்தைத் திரையில் காட்டாமல் எங்கேயோ ஒரு கோப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருக்கும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி அடக்கினார். அந்த நாட்களில் அவருக்கு நல்ல பசி. எதிரியோடு மல்லுக்கு நிற்கிறவரைப் போல ஒரு மினுக்கம் முகத்தில் இருந்தது. நானும் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன், வெளியே காட்டவில்லை.

புண்ணில் சீழ் வைத்தவர்களின் கணக்கைப் புது முறையில் போட்டு முதல் படத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெரிய டாக்டர் அதற்குத் தலைவர். சுவரில் படம் விழுந்தது. கீழே வார்டுகளின் பெயர் வரிசை. வார்டு ஒன்று, அடுத்து வார்டு பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. அந்த மொழிக்கு அது எண் இல்லை, எழுத்து. அகராதியில் அடுக்குவது போல முதல் எழுத்தைப் பார்த்து, அடுத்த எழுத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. ஒன்றில் ஆரம்பிக்கிறதெல்லாம் ஒன்றாகப் போய் நின்றுவிட்டது. இவர் கூட்டுத்தொகை சரியா என்று பத்துத் தடவை பார்த்தவர், எந்த வார்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "என்ன கிராஃப் சார், ஒண்ணுக்கு அடுத்து பத்தா? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?" அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எந்தப் பட்டை உயரம், எது குட்டை என்று ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த தடவை ஒழுங்காகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் துண்டைக்கூட மடிக்காமல் படுத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அதைச் சரி செய்தார். ஒரே ஒரு வரிதான் எழுதினார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை வார்டுகளின் பெயரை வரிசையாகக் கொடுத்து, இதுதான் ஒழுங்கு என்று அதனிடம் சொன்னார். அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. படம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டிக்கொண்டே வந்தவரின் விரல் ஒரு பட்டையில் நின்றது.

இரண்டாவது பட்டை எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது. மற்றதெல்லாம் அதன் இடுப்பு உயரம்கூட இல்லை. அதன் கீழே வார்டு இரண்டு என்று எழுதியிருந்தது.

"நம்ம பாப்பா வார்டுங்க" என்றேன்.

"தெரியுது."

"அப்படி இருக்காதே. அவளா? வாளி நகர்ந்தாலே ஊரைக் கூட்டறவ."

மொத்தக் கூட்டுத்தொகையைத் திரும்பப் பார்த்தார், சரியாக இருந்தது. மறுபடி ஓட்டினார், அதே படம். முதல்ல அவள்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க என்று நான் சொன்னேன். கேட்டு என்ன ஆகும் என்றார். அதுவும் உண்மைதான். சீழ் வைப்பது வீட்டுக்குப் போன பிறகு. திரும்பி வருகிறவர்கள் நேரே புறநோயாளிகள் பகுதியில் கட்டுப் போடும் அறைக்குப் போவார்கள். அங்கிருந்து கணக்கு இவர் அறைக்கு வந்துவிடும். யாருடைய வார்டில் எத்தனை என்று வார்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இவர்தான்.

"இந்த ஒரு தடவை கொண்டுபோகாம இருங்களேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க."

"தங்கச்சின்னு மறைச்சா, நாளைக்கு அந்த வார்டுல படுக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துவதில் இந்த ஒரு தொல்லை. நியாயத்தைச் சொல்லிவிடுவார்கள்.

கொண்டுபோனார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அழகான படம் என்று பெரிய டாக்டர் பாராட்டவே செய்தாராம். பாராட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். அண்ணன் ஒரு நாற்காலியில், தங்கை எதிரே நின்றுகொண்டு. என்ன சொல்கிறீர்கள் சிஸ்டர் என்று கேட்டதற்கு அவள் சுவரில் இருந்த படத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள். "எங்கேயோ என் கவனம் தப்பியிருக்கு சார்" என்று சொல்லியிருக்கிறாள். சண்டை போடப் பிறந்தவள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அவளைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். 'கவனக்குறைவு' என்று அவளுடைய பணிக் கோப்பில் எழுதினார்கள். அந்த ஒரு சொல் கோப்பில் இருக்கிறவரை மேட்ரன் நாற்காலி அவளுக்கு இல்லை. பத்தாவது வார்டுக்குச் சாதாரண நர்ஸாக அனுப்பினார்கள். அது கடைசி மாடியின் கோடியில் இருக்கிற வார்டு. பெரியவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம். அங்கே பொறுப்பில் இருந்தவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தாள். அடுக்களை மேடையில் உட்காரவில்லை, கீழே நின்றாள். நான் அவரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன். சொந்தத் தங்கச்சியை இப்படி யாராவது கொண்டுபோய் நிறுத்துவாங்களா, ஊர்ல உள்ள அண்ணன்களெல்லாம் இதையா பண்ணிக்கிட்டிருக்காங்க என்று.

"விடுங்க அண்ணி. அண்ணன் என்ன பண்ணுவாரு? அண்ணன் படம் போட்டா அது சரியாத்தான் இருக்கும். நான்தான் எங்கேயோ விட்டிருக்கேன். எங்கன்னுதான் தெரியல" என்றாள்.

தெரியவில்லை என்று சொல்லும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சோப்புப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

மாதங்கள் போயின. ஒவ்வொரு மாதமும் இவர் அதே வரிகளை ஓட்டினார், படம் வந்தது. அவளை மாற்றிய மறு மாதத்திலிருந்து இரண்டாவது பட்டை சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் மற்றவற்றோடு சமமாக நின்றது. பத்தாவது பட்டை முன்பு போலவே குட்டையாகக் கிடந்தது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பார்த்தீர்களா, ஆளை மாற்றினோம், நோய் போய்விட்டது என்றார்கள். இரண்டாவது வார்டுக்குப் புதிதாக வந்தவருக்குக் கூட்டத்தில் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதற்கும் பின்னணியில் இவர் போட்ட படத்தைத்தான் மாட்டியிருந்தார்கள். கைதட்ட வேண்டியிருந்தது என்று சொன்னார். தட்டினீங்களா என்றேன். துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட வந்திருந்தாள். கொஞ்சம் பழைய கலகலப்பு திரும்பியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஒரு அதிசயம் கேளுங்க. பத்துல கத்தரி, இடுக்கியெல்லாம் ஆவியில வேகவைக்கிற மிஷின் இருக்கில்ல, நான் போனப்ப அதோட மூடியில ரப்பர் வளையமே கிழிஞ்சு கிடந்தது. குக்கர்ல கேஸ்கெட் போனா எப்படி? ஆவி பூரா வெளியில. எத்தனை மாசமா அப்படியோ! அதுல வெச்ச கத்தரியாலதான் எல்லாருக்கும் கட்டுப் போட்டிருக்காங்க. நான் குதிச்சு, கத்தி, அந்த மாசமே மாத்த வெச்சேன்."

"பேஷ்" என்றேன்.

"அதில்ல அண்ணி அதிசயம். அப்படிப்பட்ட இடம், அண்ணன் படத்துல எவ்வளவு சின்னதா இருந்தது! எல்லாத்தையும் துடைச்சுத் துடைச்சு வெச்ச என் வார்டு அவ்வளவு உசரம். கடவுளுக்குக் கண்ணு இருக்கா சொல்லுங்க."

அவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. எந்த மாசம் மாத்தினே என்று கேட்டார். சொன்னாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து மடிக்கணினியைத் திறந்தார். அண்ணனுக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு என்று அவள் சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அவர் இந்தத் தடவை படம் போடவில்லை. கணக்கில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி உண்டு. பத்தாவது வார்டு என்று இருந்த வரிகளை மட்டும் பிரித்து, திரையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். பட்டை பத்தில் வேறு எண். இவர் எண்ணியது பட்டை இரண்டில் இருந்தது.

அன்றைக்கு எனக்கு அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். பிள்ளைகள் வரிசை மாறி நிற்கிறார்கள். பெயர் அட்டை சட்டையில் குத்தியிருக்கிறது. வாத்தியார் பிள்ளைகளை இடம் மாறி நிற்கச் சொல்ல வேண்டும். இவர் அதற்குப் பதிலாக அட்டைகளைக் கழற்றி வரிசையாகக் குத்திவிட்டார். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், பெயர்தான் மாறிவிட்டது. இரண்டாவதாக நின்றிருந்த பத்தாவது வார்டுக்கு இரண்டு என்று பெயர் வந்தது. ஏழாவது வார்டுக்குப் பத்து என்று பெயர் வந்தது. அடுக்கு என்று சொல்ல ஒரு வரி, பெயரை மாற்று என்று சொல்ல ஒரு வரி. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்குமாம். இவர் தம்பியை எழுதிவிட்டார். எல்லோரும் சிரித்தார்களே ஒரு படம், அதுதான் உண்மையான படம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்புறம்தான் எனக்கு முழுசும் உறைத்தது. பத்தாவது வார்டில் போய் மிஷினைச் சரி செய்து நோயைக் குறைத்தவள் இவள். குறைந்தது இரண்டாவது பட்டையில். இவள் போனதால்தான் இரண்டு குறைந்தது என்று ஊர் சொல்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே அவள் செய்த புண்ணியத்தையே எடுத்து அவள் மேல் பழியாகப் போட்டிருக்கிறார்கள். போட்டவர் என் எதிரே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே போய் அவள்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"முதல்ல குழுவுல சொல்லி அந்தக் கோப்பை மாத்திடறேன். சரி பண்ணிட்டுச் சொன்னாத்தான் அவளுக்கு உபயோகம்."

சரிதான் என்று நானும் விட்டேன்.

குழுவில் எழுந்து நின்று என் தவறு என்று சொல்லியிருக்கிறார். திருத்திய படத்தை நீட்டியிருக்கிறார். பெரிய டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "அந்த சிஸ்டர் உங்க தங்கச்சிதானே?"

"ஆமா சார்."

"மேட்ரன் பதவிக்கு இந்த மாசம் பட்டியல் போகுது இல்ல?"

"அதுக்காக இல்ல சார். இந்த வரியைப் பாருங்க. இது அடுக்கல, பேரை மாத்திடுச்சு." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அந்த அறையில் யாருக்கு அது புரியும்? எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்களாம். அவ்வளவு மாதம் சரியாக இருந்த கணக்கு, பட்டியல் போகிற மாதம் தப்பாகிவிட்டதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கவுண்டரில் யாராவது வந்து இப்படிச் சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

சரி, வெளியாளை வைத்துப் பார்ப்போம் என்று ஒரு கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியைக்கு இவருடைய பழைய நிரலையும் கணக்கையும் அனுப்பினார்கள். இவருக்கு உயிர் வந்தது. ஆனால் எழுதியனுப்பிய கேள்வி என்ன தெரியுமா? இந்த நிரலை ஓட்டினால் இதே படம் வருகிறதா என்று. அந்த அம்மாள் ஓட்டிப் பார்த்தார். அதே படம் வந்தது. ஆம், சரிபார்க்கப்பட்டது என்று பதில் எழுதிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில், அவரைக் குறை சொல்ல முடியுமா?

இவர் அவரைப் போனில் பிடித்து, தயவு செய்து அந்த ஒரு வரியைப் பாருங்கள் என்று கெஞ்சினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சற்று நேரம் மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அடடா, ஆமா சார்! என் பசங்க மாசத்துக்கு ஒருத்தராவது இந்தத் தப்பைப் பண்ணுவாங்க. நான் படம் வருதான்னு மட்டும்தான் பார்த்தேன். உடனே வேற லெட்டர் அனுப்பறேன்" என்றார். பாவம், அனுப்பவும் அனுப்பினார். அவ்வளவுதான், ஒரே ஆள் கையெழுத்துப் போட்ட இரண்டு கடிதம், ஒன்று சரி என்கிறது, ஒன்று தப்பு என்கிறது. எதை நம்புவது என்று குழு கையை விரித்துவிட்டது. இதற்குள் பட்டியலும் போய்விட்டது. மேட்ரனாக வேறொருவரின் பெயர்.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். வருகிற மாதத்திலிருந்து புதிய முறையில் படம் போட வேண்டும், முடிந்தவற்றைக் கிளற வேண்டாம். புதிய முறையில் பத்தாவது பட்டை முதல் மாதத்திலிருந்தே குட்டையாகத்தான் இருக்கும். அவள் போய் அதைக் குட்டையாக்கினாள் என்பது எந்தப் படத்திலும் வராது. கொடுத்த பாராட்டுப் பத்திரத்தைப் பிடுங்கவா முடியும் கிராஃப் சார் என்று பெரிய டாக்டர் தோளில் தட்டி அனுப்பினாராம். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கோபம். ஒருத்தரைப் பிடித்துச் சபிக்கலாம் என்றால் ஆள் கிடைக்க மாட்டேன் என்கிறது.

அன்று சாயங்காலமே அவரை இழுத்துக்கொண்டு அவளுடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மறுநாள் டியூட்டிக்கு வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காருங்கண்ணா என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த வரி, பெயர் மாறியது, குழு, இரண்டு கடிதம், கோப்பில் அந்தச் சொல் அப்படியே இருக்கப்போகிறது என்பது வரைக்கும். நடுவில் ஒரு இடத்திலும் தனக்குச் சாதகமாக ஒரு சொல் சொல்லவில்லை. அவள் திட்டுவாள், திட்டட்டும், அண்ணன் என்று பார்க்காமல் நாலு வார்த்தை கேட்கட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அவ்வளவு உசரமா நின்னது பத்தாவது வார்டா?"

"ஆமா பாப்பா."

"அன்னைக்கே பத்துன்னு இருந்திருந்தா, அன்னைக்கே யாராவது போய் அந்த மூடியைத் தொறந்து பார்த்திருப்பாங்க."

எனக்கே அப்போதுதான் அது தோன்றியது. இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் இவளுடைய பதவியைப் பற்றியும் கோப்பைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். பத்தாவது வார்டில் படுத்திருந்தவர்களைப் பற்றி ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை.

"நான் போன புதுசுல ஒரு தையல்காரர் திரும்பி வந்தாரு அண்ணா. முட்டியில சின்ன ஆபரேஷன்தான், பத்துலதான் பண்ணிக்கிட்டுப் போயிருந்தாரு. புண்ணு அழுகி வந்தவரைத் திரும்பப் பத்துலயே படுக்க வெச்சாங்க. காலை எடுத்துட்டாங்க. அவருக்குக் கட்டுப் போட்டது, நீங்க அந்தப் படம் போட்டதுக்கு அப்புறமா, முன்னாலயா?"

எந்தத் தேதியில கட்டுப் போட்டது என்று கேட்டார். சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம்தான்" என்றார்.

பொறுப்பிலிருந்து எடுத்தபோது அழாதவள், மேட்ரன் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்தபோது அழாதவள், கட்டிலில் உட்கார்ந்து முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் போய்த் தோளைப் பிடித்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"காலை எடுத்த மறுநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு அண்ணி. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல, இது என் தலையெழுத்தா சிஸ்டர்னு கேட்டாரு."

முகத்தைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.

"நான் ஆமான்னு தலையாட்டினேன்."